சைக்கிள் சவாரியும் குடும்ப நலமும்



குடும்ப நலம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? அளவான குடும்பம், கர்ப்பிணிக்குச் சத்தான உணவு, குழந்தைக்குக் காலாகாலத்தில் தடுப்பூசி. இவை எல்லாம் சரிதான். கிராம சுகாதார செவிலியர் சொன்னபடி இவற்றைத் தவறாமல் செய்து வருகிறீர்கள். ஆனால் அப்படிக் கண்ணும் கருத்துமாக வளர்த்த பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மெயின் ரோட்டில் லாரியில் அடிபட்டால்? சந்தைக்குப் போன குடும்பத் தலைவர் இருட்டில் பஸ் மோதிக் காலை இழந்தால்? அந்த வீட்டின் நலம் என்னவாகும்? சற்று யோசித்துப் பாருங்கள்.

நோயினால் வரும் சாவைத் தடுப்பது எப்படி குடும்ப நலமோ, அப்படியே சாலையில் வரும் சாவைத் தடுப்பதும் குடும்ப நலம்தான். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இதில் தமிழ்நாட்டின் பங்கு 17,884 பேர். அதாவது நம் மாநிலத்தில் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 49 பேர். உலகம் முழுவதும் 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலை விபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காலராவும் அம்மையும் அல்ல, ரோடு.

'எங்க வீட்ல மோட்டார் ஏதுங்க, ஒரு ஓட்டைச் சைக்கிள்தானே இருக்கு' என்று நீங்கள் சொல்லலாம். அந்தச் சைக்கிளைப் பற்றித்தான் இந்தப் பிரசுரத்தில் பேசப் போகிறோம்.

சைக்கிளைச் சோதிப்பவர் யார்?

மோட்டார் சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்று வேண்டும். பிரேக் சரியில்லை, விளக்கு எரியவில்லை என்றால் அதிகாரி நிறுத்திக் கேட்பார். சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாது. பதிவு கிடையாது. இன்சூரன்ஸ் கிடையாது. பிரேக் கட்டை தேய்ந்து போனாலும் கேட்பார் இல்லை. இருட்டில் விளக்கில்லாமல் வந்தாலும், பத்து வயசுப் பையன் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலைக்கே போனாலும், பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை.

ஆகையால் சைக்கிளுக்குச் சோதனை அதிகாரி ஒருவர்தான். அது உங்கள் வீடு. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, நம் வீட்டுச் சைக்கிள் எப்படிப் போக வேண்டும், எப்போது போகக் கூடாது, பின்னால் யார் உட்காரலாம் என்று தீர்மானித்தால்தான் உண்டு. எத்தனை பிள்ளைகள், எவ்வளவு இடைவெளி என்று இருவரும் கலந்து பேசி முடிவு செய்வது போல, இதையும் இருவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆண்பிள்ளை சமாச்சாரம் என்று பெண்கள் ஒதுங்கிவிடக் கூடாது. அடிபட்டவருக்கு மாதக் கணக்கில் பணிவிடை செய்வதும், கூலி நின்றுபோன வீட்டில் அடுப்பெரிய வைப்பதும் பெரும்பாலும் பெண்கள்தானே?

ஊர்ப் பாதை மெயின் ரோட்டில் சேரும் இடம்

ஊருக்குள் ஓட்டும்போது சைக்கிளுக்கு எதிரே வருவது மாடும் ஆடும் தெரிந்த முகங்களும்தான். மணி அடித்தால் விலகுவார்கள். அந்தப் பழக்கத்திலேயே வேகம் குறையாமல் மெயின் ரோட்டில் ஏறி விடுகிறோம். அபாயம் இங்கேதான் காத்திருக்கிறது. இறக்கத்தில் வரும் பாதையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். முனையில் கருவேலம் புதரோ, பெட்டிக் கடையோ, கரும்புக் கொல்லையோ மறைத்தால் லாரிக்காரருக்கு உங்களைத் தெரியாது; உங்களுக்கும் லாரி தெரியாது.

'நம்மளைப் பார்த்தா பிரேக் போட மாட்டானா?' என்று நினைக்காதீர்கள். பிரேக் போட்ட உடனே வண்டி நிற்பதில்லை. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் உங்களைப் பார்த்து, மனசில் பட்டு, காலைப் பிரேக்கில் வைக்கவே ஒரு விநாடி ஆகிவிடும். அதற்குப் பிறகு சக்கரம் பிடித்து, பாரத்தோடு வரும் வண்டி நிற்க இன்னும் 30 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆக மொத்தம் சுமார் 50 மீட்டர். இது காய்ந்த ரோட்டில், பிரேக் நன்றாக உள்ள வண்டிக்கு. மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தால் இன்னும் தூரம் கூடும். பத்து மீட்டர் தூரத்தில் லாரி வரும்போது நீங்கள் குறுக்கே புகுந்தால், நல்ல டிரைவராக இருந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு கணக்கு. சாதாரணமாக இரண்டு வண்டி போகும் ரோட்டின் தார்ப் பகுதி 7 மீட்டர் அகலம் இருக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதைக் கடக்க 6 விநாடியாவது ஆகும். அந்த 6 விநாடியில் அதே லாரி 100 மீட்டர் ஓடி வந்துவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ்ஸோ 130 மீட்டருக்கு மேல் வந்துவிடும். ஆகவே 'தூரத்திலதானே வருது' என்று கண்ணை நம்பி இறங்கக் கூடாது. இருபுறமும் நான்கு கரண்டுக் கம்பத்துத் தூரத்துக்கு வண்டி எதுவும் இல்லை என்றால் மட்டும் கடக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். மெயின் ரோட்டுக்குப் பத்தடி முன்பே சைக்கிளை விட்டு இறங்குங்கள். காலைத் தரையில் ஊன்றி முதலில் வலது புறம் பாருங்கள், பிறகு இடது புறம், மறுபடியும் வலது புறம். பிறகு தள்ளிக்கொண்டே கடவுங்கள். பாதி ரோட்டில் மனசு மாறித் திரும்பாதீர்கள். கூடவே, முனையை மறைக்கும் புதரை ஊர்க்காரர்கள் சேர்ந்து வெட்டிவிடுங்கள். ஊராட்சித் தலைவரிடம் சொன்னால் வேலை இன்னும் சுலபமாக முடியும்.

எதிர்த் திசையில் ஓட்டலாமா?

நாற்கரச் சாலை வந்த பிறகு பல ஊர்களில் வீடு ஒரு புறம், கொல்லை மறு புறம் என்று ஆகிவிட்டது. சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலையில் பிரயாணம் செய்தால் இப்படிப்பட்ட ஊர்களை வழி நெடுகப் பார்க்கலாம். நடுவில் தடுப்புச் சுவர். அதில் திறப்பு எங்கோ தொலைவில். அவ்வளவு தூரம் சுற்றிப் போக யாருக்கு மனசு வரும்? அதனால் ரோட்டின் ஓரத்திலேயே, வண்டிகள் வரும் திசைக்கு எதிராகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறோம். 'எதிர்ல வர்ற வண்டி நம்ம கண்ணுக்குத் தெரியுமே' என்று சமாதானமும் சொல்கிறோம்.

இது தவறு. நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். வண்டி 60 கிலோமீட்டரில் வருகிறது. ஒரே திசையில் போனால் அது உங்களை நெருங்கும் வேகம் 45 கிலோமீட்டர்தான். எதிரே போனால் 75 கிலோமீட்டர். விலகிக்கொள்ளக் கிடைக்கும் நேரமும் குறைவு, மோதினால் விழும் அடியும் பலமானது. மேலும், பக்கச் சாலையிலிருந்து திரும்பி ஏறும் வண்டிக்காரர் தம் வலது புறம் பார்த்துத்தான் ஏறுவார். இடது புறமிருந்து ஒரு சைக்கிள் வரும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை.

நடப்பவர் விஷயம் வேறு. நடைபாதை இல்லாத ரோட்டில் நடப்பவர், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடப்பது நல்லது. நடப்பவர் ஒரே எட்டில் மண்ணில் இறங்கி விடலாம். சைக்கிளில் போகிறவரால் அது முடியாது. ஆகவே எதிர்ப்புறமாகப் போய்த்தான் தீர வேண்டும் என்றால், சைக்கிளை விட்டு இறங்கி, தார் ரோட்டைத் தொடாமல் மண்ணில் தள்ளிக்கொண்டு போங்கள். கால் மணி நேரம் தாமதமானால் கரும்பு ஒன்றும் காய்ந்துவிடாது.

இதில் பணக் கணக்கும் ஒன்று உண்டு. மோட்டார் வண்டி மோதி நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகும்போது, சைக்கிள்காரர் பேரிலும் தவறு இருந்தது என்று தெரிந்தால் அந்த அளவுக்குத் தொகையைக் குறைத்து விடுவார்கள். எதிர்த் திசையில் வந்ததும், விளக்கில்லாமல் வந்ததும் அப்போது குடும்பத்துக்கு எதிராகவே பேசும்.

பொழுது சாய்ந்த பிறகு

கூலி வாங்கிக்கொண்டு, கடையில் ஒரு டீ குடித்து, சாமான் வாங்கித் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. கண்ணுக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் தெரிவதால் விளக்கைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆனால் அந்தி நேரம்தான் பொல்லாத நேரம். உங்களுக்கு ரோடு தெரிகிறது. ரோட்டில் வருகிறவருக்கு நீங்கள் தெரிவதில்லை.

விளக்கு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, நமக்கு வழி காட்டுவது. இரண்டு, நம்மைப் பிறருக்குக் காட்டுவது. இரண்டாவதுதான் முக்கியம். இறக்கிவிட்ட வெளிச்சத்தில் வரும் மோட்டார் வண்டிக்கு முன்னால் 30, 40 மீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். வண்டி நிற்க வேண்டிய தூரமோ அதைவிட அதிகம் என்று மேலே பார்த்தோம். கறுப்புச் சட்டையும் கட்டம் போட்ட லுங்கியும் கட்டி, பின்னால் சிவப்பு வில்லை இல்லாமல் போகிறவர் டிரைவர் கண்ணில் படும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. எதிரே வேறு ஒரு வண்டி முழு வெளிச்சத்தோடு வந்தால் அவர் கண் கூசிப்போய் முன்னால் போகும் சைக்கிள் சுத்தமாகவே மறைந்துவிடும்.

இதற்குச் செலவு அதிகம் இல்லை. பின் மட்கார்டில் ஒரு சிவப்பு வில்லை, முன்னால் ஒரு வெள்ளை வில்லை, பெடலில் மஞ்சள் வில்லை. வெளிச்சம் பட்டால் திருப்பி மின்னும் ஒட்டுத் தாள் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி மட்கார்டிலும் கேரியரிலும் ஒட்டலாம். டைனமோ பழுதானால் பேட்டரி விளக்கு ஒன்று மாட்டிக்கொள்ளலாம். இராத்திரி போவது என்றால் வெள்ளை வேட்டி, வெளிறிய சட்டை. வில்லையின் மேல் படியும் சேற்றையும் எண்ணெயையும் துடைப்பதற்குக் காசே வேண்டாம். எதிர் வெளிச்சத்தில் கண் கூசினால் நிதானித்து, ஓரமாக இறங்கி நில்லுங்கள். வண்டி போன பிறகு ஏறுங்கள்.

கேரியரில் குழந்தை, காற்றில் சேலைத் தலைப்பு

தாய்மார்கள் இந்தப் பகுதியைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

கேரியரில் உட்கார்ந்து போகும் குழந்தைக்குக் காலை வைக்க இடம் இல்லை. கால் தொங்குகிறது. வழியில் தூக்கம் வந்துவிட்டால், அல்லது சைக்கிள் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கினால், கால் சக்கரக் கம்பிக்குள் போய்விடுகிறது. ஓடும் கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே குதிகாலும் கணுக்காலும் நசுங்குகின்றன. தோல் கிழிந்து, சில சமயம் எலும்பும் முறிகிறது. பார்த்த மாத்திரத்தில் 'சின்னச் சிராய்ப்புதானே' என்று தோன்றும். ஆனால் நசுங்கிய தோல் இரண்டு மூன்று நாள் கழித்துக் கறுத்து உரிந்து, ஆழமான புண்ணாவது உண்டு. அதனால் சக்கரத்தில் கால் மாட்டிய குழந்தையை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். காப்பித் தூளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டக் கூடாது.

முன் பாரில் உட்காரும் குழந்தையின் கால் முன் சக்கரத்தில் போனால் இன்னும் மோசம். சக்கரம் சட்டென்று நின்று, ஓட்டுபவர், குழந்தை இருவருமே ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார்கள்.

பின் சக்கரத்தின் இருபுறமும் கம்பி வலையோ தகடோ அடித்து மூடச் சொல்லுங்கள். கால் வைக்க இரண்டு பக்கமும் மிதி வைக்கச் சொல்லுங்கள். குழந்தைக்குச் செருப்பு இல்லாமல் சைக்கிள் சவாரி வேண்டாம். கழுத்து நிற்காத கைக்குழந்தையைச் சைக்கிளில் கொண்டு போகவே கூடாது. அம்மா மடியில் வைத்துப் பின்னால் உட்கார்வது பாதுகாப்பு அல்ல. விழுந்தால் இரண்டு கையும் குழந்தையைத்தான் பிடித்திருக்கும், பூமியைப் பிடிக்க ஒன்றும் இல்லை.

சேலைத் தலைப்பு, தாவணி, துப்பட்டா, வேட்டி நுனி எல்லாமே சக்கரத்துக்கு இரையாகும். கழுத்தில் சுற்றிய துண்டும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கினால் கழுத்தையே இறுக்கிவிடும். ஏறி உட்காரும் முன்பே தலைப்பை இழுத்து இடுப்பில் செருகுங்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கு, துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி அனுப்புங்கள்.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மெயின் ரோட்டில் தனியே ஓட்ட விடாதீர்கள். வருகிற வண்டி எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று கணிக்கும் திறமை அந்த வயதில் முழுமையாக வருவதில்லை. அது பிள்ளையின் குற்றமல்ல. குரங்குப் பெடல் பழகுவதெல்லாம் களத்துமேட்டிலும் ஏரிக்கரையிலும்தான் இருக்க வேண்டும்.

இன்னும் சில கெட்ட பழக்கங்கள்

1. டிராக்டர் டிப்பரையோ லாரியையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிதிக்காமல் போவது. வண்டி சட்டென்று பிரேக் போட்டால் சைக்கிள் அதற்கு அடியில் போய்விடும்.

2. நின்ற பஸ்ஸை இடது புறமாகக் கடப்பது. இறங்கும் ஜனங்கள் மேல் மோதுவீர்கள். வலது புறமாகக் கடந்தால், பஸ் கிளம்பி உங்களை நடு ரோட்டுக்குத் தள்ளும். பின்னாலேயே நின்று, பஸ் போன பிறகு போங்கள்.

3. இடது பக்கம் திரும்பப் போகும் லாரிக்கும் ரோட்டு ஓரத்துக்கும் நடுவே புகுவது. நீண்ட வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகாது. ஓரத்தை ஒட்டி உள்ளே வரும். டிரைவருக்கு அந்த இடம் கண்ணாடியிலும் தெரிவதில்லை.

4. இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டே ஜோடியாகப் போவது. ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பேச்சை வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம்.

5. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, அல்லது ஒரு கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது. சைக்கிளுக்குப் பின்பக்கக் கண்ணாடி இல்லை. காதுதான் கண்ணாடி.

6. ஹேண்டில்பாரில் ஒரு பை, கேரியரில் புல்லுக்கட்டு, இரு பக்கமும் குடம். பின் பாரம் அதிகமானால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். பாரம் அதிகமானால் இறங்கித் தள்ளுவதுதான் முறை.

7. குடித்துவிட்டு ஓட்டுவது. இதில் அதிகம் விளக்கத் தேவையில்லை. சைக்கிள்தானே என்று நினைக்க வேண்டாம். குடித்தவருக்குத் தூரமும் தெரியாது, நிதானமும் இருக்காது. சைக்கிளைப் பூட்டிக் கடையிலேயே விட்டுவிட்டு, தெரிந்தவரைத் துணைக்குக் கூப்பிட்டு வீடு வந்து சேருங்கள். குடியை விடுவதற்கு வழி கேட்டால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் சொல்லுவார்.

வாரம் ஒரு நாள், பத்து நிமிஷம்

வீட்டுச் சோதனை எப்படி இருக்க வேண்டும்? ஒரு வீட்டில் இப்படி நடக்கலாம்.

மனைவி: என்னங்க, நாளைக்குச் சந்தை. இன்னிக்கே சைக்கிளை ஒரு தரம் பார்த்துடலாமா?

கணவர்: நேத்துகூட ஓட்டினேனே. நல்லாத்தானே ஓடுது?

மனைவி: ஓடுறது இருக்கட்டும்ங்க, நிக்குதா? நேத்து வாசல்ல வந்து காலைத் தேய்ச்சுத்தானே நிறுத்தினீங்க? செருப்பு அடி தேய்ஞ்சு போச்சு பாருங்க.

கணவர்: பின் பிரேக் கட்டை கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. அடுத்த வாரம் மாத்திக்கலாம்மா.

மனைவி: கட்டை மாத்துற காசு ஒரு நாள் டீக் காசுங்க. அதுவுமில்லாம ராத்திரி நீங்க வர்றப்போ மணிச் சத்தம் கேட்டுத்தான் நீங்கன்னு தெரிஞ்சுது. ஆளே தெரியலை. வீட்டு வாசல்ல எனக்கே தெரியலைன்னா ரோட்ல பஸ்காரனுக்கு எப்படித் தெரியும்?

கணவர்: அதுவும் சரிதான். சின்னவனைக் கூப்பிடு, துணியை எடுத்துட்டு வரச் சொல்லு. வில்லையை அவன் துடைக்கட்டும்.

இவ்வளவுதான் வேலை. வாரம் ஒரு முறை கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

பிரேக்: சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். சக்கரம் நிற்க வேண்டும். ஓட்டும்போது முன் பிரேக்கை மட்டும் சட்டென்று அழுத்தக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மழையில் ரிம் நனைந்தால் கட்டை சரியாகப் பிடிக்காது. அப்போது பாதி வேகத்தில் போங்கள்.

சக்கரம்: தூக்கிச் சுற்றிப் பாருங்கள். ஆடினால் பெண்டு எடுக்க வேண்டும். அறுந்த கம்பியை உடனே மாற்றுங்கள். டயர் வழுக்கையாகியிருந்தால் ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள்.

செயின்: தொங்கக் கூடாது. நடுவழியில் கழன்றால் கால் வழுக்கி விழுவீர்கள். செயின் கார்டு இல்லையென்றால் வேட்டி மாட்டும்.

மணி, விளக்கு, வில்லை: மூன்றும் இருக்க வேண்டும், மூன்றும் வேலை செய்ய வேண்டும்.

வருஷம் ஒரு முறை கடையில் கொடுத்து ஓவராயில் செய்துவிடுங்கள்.

அடிபட்டால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் 108-க்குப் போன் செய்யுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் இந்த ஆம்புலன்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஊர் பெயர், பக்கத்தில் உள்ள பெரிய அடையாளம், எத்தனை பேருக்கு அடி என்று பதறாமல் சொல்லுங்கள்.

அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடித்து மூட்டை போலத் தூக்காதீர்கள். கழுத்தோ முதுகோ முறிந்திருந்தால், அப்படித் தூக்குவதாலேயே கை கால் விளங்காமல் போகலாம். வண்டிகள் மேலே ஏறும் அபாயம் இருந்தால் மட்டும், தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி பலர் சேர்ந்து நகர்த்துங்கள். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழாயில் போய்விடும்.

தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்து 'எனக்கு ஒண்ணுமில்லே' என்று சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். வாந்தி, விடாத தலைவலி, எழுப்பினால் எழ முடியாத தூக்கம், பேச்சுக் குழறல், காதிலோ மூக்கிலோ இரத்தம், வலிப்பு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இவை சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆகவே இரண்டு நாள் கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

'தூக்கிக்கிட்டுப் போனா போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்' என்ற பயம் வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. பெயரைச் சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. செலவுக்குப் பயந்தும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு.

கேள்வியும் பதிலும்

கேள்வி: சைக்கிளுக்கும் ஹெல்மெட் வேண்டுமா?

பதில்: சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் தலை மோதுவது அதே தார் ரோட்டில்தான். வாங்க முடிந்தவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, சைக்கிள் ஹெல்மெட் வாங்கி மாட்டுங்கள். நாடாவை இறுக்கிக் கட்டாத ஹெல்மெட் முதலில் கழன்று விழும்.

கேள்வி: ஆண்கள் குடும்ப நல அறுவை சிகிச்சை செய்துகொண்டால் சைக்கிள் ஓட்ட முடியாது என்கிறார்களே?

பதில்: அது வீண் பேச்சு. தழும்பில்லாத வாசெக்டமி செய்துகொண்டவர் 48 மணி நேரம் ஓய்வுக்குப் பிறகு சாதாரண வேலைக்குப் போகலாம். சைக்கிள் சவாரியும் பாரம் தூக்குவதும் ஒரு வாரம் மட்டும் வேண்டாம். பிறகு எப்போதும் போல ஓட்டலாம். பலம் ஒன்றும் குறையாது. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து டாக்டர் சொல்லும் வரை, வேறு கருத்தடை முறையையும் சேர்த்துக் கடைப்பிடிக்க வேண்டும்.

கேள்வி: மாசமாக இருக்கும் பெண்ணைக் கேரியரில் வைத்துச் செக்கப்புக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: மாதம் ஏற ஏற வயிறு முன்தள்ளி நிலை தடுமாறும். விழுந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. பஸ்ஸிலோ ஆட்டோவிலோ அழைத்துப் போங்கள். வலி கண்டுவிட்டால் 108 வரும்.

கேள்வி: மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால்?

பதில்: உடனே போலீசில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வண்டி எது என்று தெரியாமலே போனாலும், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், பலத்த காயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் கிடைக்க வழி உண்டு. தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். வண்டி எது என்று தெரிந்தால் 6 மாதத்துக்குள் நஷ்டஈட்டு வழக்குப் போட்டுவிட வேண்டும்.

இன்று இரவே பேசுங்கள்

தம்பதியரே, நஷ்டஈடு எவ்வளவு வந்தாலும் போன கால் முளைக்காது. போன பிள்ளை திரும்பாது. ஒன்றோ இரண்டோ போதும் என்று திட்டமிட்டுப் பெற்ற வீட்டில் ஒவ்வொரு உயிரும் இரட்டை மதிப்பு உடையது. ஆகவே சாப்பாடு முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்கு விஷயத்தைத் தீர்மானம் செய்யுங்கள்.

மெயின் ரோட்டுக்கு முன் இறங்கி நின்று பார்ப்போம்.

எதிர்ப்புறம் மிதிக்க மாட்டோம்.

வில்லையும் விளக்கும் இல்லாமல் அந்திக்கு மேல் போக மாட்டோம்.

சக்கரத்துக்கு வலை இல்லாமல் குழந்தையை ஏற்ற மாட்டோம்.

இந்தப் பிரசுரத்தைப் படித்த பின் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். மேலும் விபரம் வேண்டுமானால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள்.

நின்று கடந்தால் நிமிஷம் போகும். நில்லாமல் கடந்தால் குடும்பம் போகும்!